ஆபீஸ் வேலைதானே என்று நினைத்தேன்

(நம் சங்கத்தின் மாதாந்திர ஞாயிறு சந்திப்பில், 18.08.2024 அன்று, பி பிளாக்கில் குடியிருக்கும் கட்டமைப்புப் பொறியாளர் ஒருவர் ஆற்றிய உரை. வர முடியாத பலர் கேட்டதால் முழுதாகத் தருகிறோம். உரையில் வரும் ஊழியரை யாரும் அடையாளம் கண்டுவிடக் கூடாது என்பதற்காகப் பேசியவர் தன் பெயரையும் போட வேண்டாம் என்றார். – ஆசிரியர் குழு)

மைக் வேண்டாம் என்று சொன்னேன், செயலாளர் மேடம் விடவில்லை. பின்வரிசையில் பசங்க கேரம் ஆடுகிறார்கள், அவர்கள் ஆடட்டும். பெரியவர்களுக்கு அரை மணி நேரம் போதும்.

நம் குடியிருப்பில் வீட்டிலிருந்தோ பக்கத்துத் தெருவில் ஓர் அறை எடுத்தோ சின்னச் சின்ன கன்சல்டன்சி நடத்துகிறவர்கள் எத்தனை பேர் என்று போன வாரம் விரல் விட்டு எண்ணினேன். ஆடிட்டர் இருக்கிறார். இன்டீரியர் டிசைன் செய்யும் அம்மா இருக்கிறார். கம்பெனிகளுக்கு ஆள் எடுத்துக் கொடுப்பவர், ஜிஎஸ்டி பார்ப்பவர், சாப்ட்வேர் ஆலோசகர்கள் மூன்று பேர். நான் பழைய கட்டடங்களைப் பரிசோதித்து அறிக்கை கொடுப்பவன். எல்லோரிடமும் இரண்டு பேரிலிருந்து எட்டுப் பேர் வரை வேலை செய்கிறார்கள். அவர்களில் ஒருவருக்கு வேலையில் அடிபட்டால் என்ன ஆகும் என்று நம்மில் எத்தனை பேர் யோசித்திருக்கிறோம்? நான் யோசிக்கவில்லை. 2021 பிப்ரவரியில்தான் யோசிக்க ஆரம்பித்தேன், அதுவும் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டு.

என்னிடம் அப்போது ஆறு பேர். மூன்று பேர் ஆபீஸில் வரைபடம், அறிக்கை என்று உட்கார்ந்து வேலை செய்பவர்கள். மூன்று பேர் சைட்டுக்குப் போகிறவர்கள். சைட் என்றால் நாங்கள் கட்டுவது கிடையாது. சுத்தியல் மாதிரி ஒரு கருவியால் கான்கிரீட்டைத் தட்டிப் பார்ப்போம், ஒலி அலை அனுப்பி உள்ளே வெடிப்பு இருக்கிறதா என்று பார்ப்போம், குறித்துக்கொண்டு திரும்பி வருவோம். அதனால் ‘நம்முடையது ஆபீஸ் வேலைதானே’ என்ற நினைப்பு எனக்கு.

அண்ணா நகர் பக்கம் ஒரு முப்பது வருஷப் பழைய அடுக்ககத்தில் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க ஒரு தம்பியை அனுப்பினேன். முப்பது வயது, டிப்ளமோ படித்தவர், என்னிடம் நான்கு வருஷமாக இருப்பவர். அங்கே ஏற்கெனவே வேறு ஒருவர் கட்டி வைத்திருந்த சாரத்தில் ஏறியிருக்கிறார். பலகை நழுவிவிட்டது. பத்துப் பன்னிரண்டு அடி உயரம்தான். ஆனால் குதிகால் தரையில் மோதி, எலும்பு நொறுங்கிவிட்டது. குதிகால் எலும்பு உடைந்தால் சுலபத்தில் பழைய நிலைக்கு வராது என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

ஆபரேஷன், பிளேட் எல்லாம் சேர்த்து 2,60,000 ரூபாய் பில். நான் எல்லோருக்கும் குரூப் மெடிக்ளைம் எடுத்து வைத்திருந்தேன், அதைப் பற்றி எனக்குப் பெருமையும் உண்டு. தலைக்கு இரண்டு லட்சம். கழிவு எல்லாம் போக 1,84,000 வந்தது. மீதி 76,000 ரூபாயை நான் கட்டினேன். ஐந்து மாதம் அவர் வீட்டில் இருந்தார். இரண்டு மாதம் முழுச் சம்பளம் கொடுத்தேன். பிறகு, அது கொரோனா இரண்டாவது அலை வந்த நேரம், வேலையே இல்லை, பாதிச் சம்பளம் கொடுத்தேன். கடைசியில் ஒன்றரை லட்சம் ரூபாயைக் கையில் கொடுத்து, இருபது ரூபாய் முத்திரைத் தாளில் ‘இனிமேல் இந்த விபத்து தொடர்பாக எந்தத் தொகையும் கோர மாட்டேன்’ என்று எழுதி வாங்கிக்கொண்டேன். அவர் அம்மாவும் கூட வந்திருந்தார். கையெழுத்து போடும்போது அந்த அம்மா ஒன்று கேட்டார்: “சார், நீங்க அனுப்பின இடத்துலதானே சார் அவன் விழுந்தான்?” “ஆமாம்மா, அதுக்குத்தானே இவ்வளவும் செய்யறேன்” என்றேன். நான் நல்லவன் என்ற எண்ணத்தில்தான் அன்றைக்கு வீட்டுக்கு வந்தேன்.

இரண்டு மாதம் கழித்து, வேறு ஒரு விஷயமாகப் போனபோது, தொழிலாளர் வழக்கு பார்க்கும் என் நண்பரிடம் இதைச் சொன்னேன். அவர் முதலில் கேட்டது அந்த முத்திரைத் தாளைத்தான். பார்த்துவிட்டு, “இதை மடிச்சு மேஜை ஆடாம இருக்க வெச்சுக்கலாம், வேற எதுக்கும் ஆகாது” என்றார்.

அவர் சொன்னதைத்தான் இனி உங்களுக்குச் சொல்லப் போகிறேன். நான் வக்கீல் இல்லை, இன்ஷூரன்ஸ் ஏஜெண்டும் இல்லை. என் பணத்தில் பாடம் படித்தவன், அவ்வளவுதான்.

1923இல் வந்த சட்டம் இது. தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் என்று பெயர். 2010இலிருந்து ஊழியர் இழப்பீட்டுச் சட்டம் என்று மாற்றினார்கள். இன்ஷூரன்ஸ்காரர்கள் இன்னும் பழக்கத்தில் ‘ஒர்க்மென் பாலிசி’ என்றே சொல்வார்கள், குழம்ப வேண்டாம். இந்தச் சட்டத்தின் 3ஆவது பிரிவு சொல்வது, வேலையின் காரணமாகவும் வேலையின்போதும் விபத்து நடந்து ஊழியருக்குக் காயம் ஏற்பட்டால் முதலாளி இழப்பீடு தர வேண்டும். அந்த அம்மா கேட்ட கேள்வியும் இதுவும் ஒன்றுதான். நான்தான் அதைச் சட்டம் என்று தெரிந்துகொள்ளவில்லை.

இதில் முதலாளியின் தவறு இருக்க வேண்டும் என்ற அவசியமே இல்லை. ‘சாரம் கட்டினது வேற ஆள் சார், பெல்ட் போடாம ஏறினது அவன் சார்’ என்று நானும் வாதாடிப் பார்த்தேன். நண்பர் கேட்டார், “பெல்ட் போட்டுத்தான் ஏறணும்னு நீ உத்தரவு கொடுத்திருந்தியா? பெல்ட் வாங்கிக் கொடுத்திருந்தியா?” இரண்டும் இல்லை. பாதுகாப்புக்காகத் தெளிவாகச் சொன்ன உத்தரவை வேண்டுமென்றே மீறினால், அல்லது குடித்துவிட்டு வேலை செய்தால், முதலாளி தப்பிக்க வழி உண்டு. அதுவும் மரணமோ நிரந்தர முழு ஊனமோ ஏற்பட்டுவிட்டால் அந்த வழியும் மூடிவிடும். வெறும் கவனக்குறைவு என்பது சாக்கு ஆகாது. சாரம் கட்டியவரிடம் பிறகு நான் பணத்தைத் திரும்பக் கேட்கலாம், சட்டம் அதற்கு இடம் கொடுக்கிறது. அவர் என்னைவிடச் சின்ன மனிதர், கேட்கவில்லை.

இப்போது கணக்குக்கு வருகிறேன். கணக்கு பிடிக்காதவர்கள் ஐந்து நிமிடம் காபி குடிக்கலாம், ஆனால் இதுதான் முக்கியமான இடம்.

சட்டத்தின் கடைசியில் வயதுவாரியாக ஓர் அட்டவணை இருக்கிறது. 25 வயதுக்கு 216.91, 30 வயதுக்கு 207.98, 40 வயதுக்கு 184.17, 50 வயதுக்கு 153.09 என்று ஒரு பெருக்கு எண். மாதச் சம்பளத்தில் பாதியை அந்த எண்ணால் பெருக்கினால் மரணத்துக்கான இழப்பீடு. நிரந்தர முழு ஊனம் என்றால் பாதிக்குப் பதில் 60 சதவீதம். சம்பளம் எவ்வளவு அதிகமாக இருந்தாலும் கணக்குக்கு 15,000 ரூபாய் வரைதான் எடுப்பார்கள். 2020 ஜனவரி வரை அந்த வரம்பு 8,000ஆக இருந்தது.

என் ஊழியருக்கு 24,000 சம்பளம், கணக்குக்கு 15,000. அதில் 60 சதவீதம் 9,000. முப்பது வயதுக்கான 207.98ஆல் பெருக்கினால் 18,71,820 ரூபாய். இது முழு ஊனத்துக்கான தொகை. அன்றைக்கு அவர் இறந்தே போயிருந்தால், 7,500 பெருக்கல் 207.98, 15,59,850 ரூபாய். என் கம்பெனியின் வங்கிக் கணக்கில் அந்த மாதம் நான்கு லட்சம் இருந்தது.

அவருக்கு ஏற்பட்டது பகுதி ஊனம். சில காயங்களுக்குச் சட்டத்திலேயே சதவீதம் போட்டிருக்கிறார்கள், கட்டைவிரல் போனால் 30 என்பது போல. பட்டியலில் இல்லாத காயத்துக்குச் சம்பாதிக்கும் திறன் எவ்வளவு குறைந்தது என்று தகுதியுள்ள மருத்துவர் மதிப்பிட வேண்டும். இவருக்கு 20 சதவீதம் என்று வந்தது. 18,71,820இல் 20 சதவீதம் 3,74,364 ரூபாய். இது போக, வேலையில் ஏற்பட்ட காயத்துக்கு ஆன உண்மையான மருத்துவச் செலவு முழுவதும் முதலாளியின் தலையில்தான். படுத்திருந்த மாதங்களுக்குப் பதினைந்து நாளுக்கு ஒரு முறை சம்பளத்தில் கால் பங்கு. அது தனி.

சதவீதம் என்றதும் ஒன்று சொல்லிவிடுகிறேன். உடம்பில் எவ்வளவு போயிற்று என்பது மட்டும் கேள்வி இல்லை, அந்த வேலையை அவரால் இனிச் செய்ய முடியுமா என்பதும் கேள்வி. ஒரு சினிமா தியேட்டரில் அலங்கார வேலை செய்த தச்சர் விழுந்து இடது கையை இழந்த வழக்கு, எழுபதுகளின் நடுவில் உச்ச நீதிமன்றம் வரை போனது. ஒரு கை இருக்கிறதே என்று முதலாளி வாதாடினார். ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்ய முடியாது, ஆகவே முழு ஊனம்தான் என்று தீர்ப்பானது. இழப்பீடு விபத்து நடந்த அன்றே கொடுக்க வேண்டியதாகிவிடுகிறது, யாராவது உத்தரவு போடும் வரை காத்திருக்கக் கூடாது என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. ஒரு மாதத்துக்குள் கொடுக்காவிட்டால் 12 சதவீத வட்டி. தக்க காரணம் இல்லாமல் இழுத்தடித்தால் தொகையில் பாதி வரை அபராதமும் போடலாம்.

சரி, முத்திரைத் தாள். 17ஆவது பிரிவு, இந்தச் சட்டப்படி வரும் உரிமையை விட்டுக்கொடுப்பதாக ஊழியர் எழுதிக் கொடுத்தால் அந்த எழுத்து செல்லாது என்கிறது. அது மட்டும் என்றால் பரவாயில்லை. மொத்தமாக ஒரு தொகை பேசி முடித்தால், அந்த ஒப்பந்தத்தைத் தொழிலாளர் துறையில் இழப்பீட்டு ஆணையராக இருக்கும் அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். நம் ஊரில் பெரும்பாலும் தொழிலாளர் துணை ஆணையர். பதிவு செய்யாவிட்டால், சட்டப்படியான முழுத் தொகையையும் கொடுத்தாக வேண்டும். ஏற்கெனவே கையில் கொடுத்ததில் பாதிக்கு மேல் கழித்துக்கொள்ள முடியாது, ஆணையர் மனம் வைத்து வேறு மாதிரி உத்தரவிட்டால் ஒழிய. அதாவது நான் கொடுத்த ஒன்றரை லட்சத்தில் 75,000 காற்றில் போகலாம். மரணம் என்றால் இன்னும் கறார். குடும்பத்திடம் நேராகக் கொடுக்கும் பணம் இழப்பீடாகவே கணக்கில் வராது, ஆணையரிடம்தான் கட்ட வேண்டும். மூன்று மாதச் சம்பளம் வரை முன்பணமாகக் குடும்பத்துக்குக் கொடுக்கலாம், அவ்வளவுதான்.

அந்தத் தம்பியும் அம்மாவும் வழக்கு போடவில்லை. விபத்து நடந்து இரண்டு வருஷம் வரை அவர்கள் போடலாம் என்றும், இப்படி ஒரு சட்டம் இருக்கிறது என்றும் அவர்களுக்குத் தெரியாது. 2017இல் வந்த திருத்தப்படி, வேலைக்கு எடுக்கும்போதே இந்த உரிமையை ஊழியருக்கு எழுத்தில் தெரிவிப்பது முதலாளியின் கடமை. நான் தெரிவிக்கவில்லை. நண்பரிடம் பேசிவிட்டு வந்த அன்று ராத்திரி, உண்மையைச் சொன்னால், சும்மா இருந்துவிடலாமா என்றுதான் முதலில் தோன்றியது. என் மனைவி அந்த அம்மாவுடன் போனில் பேசிக்கொண்டிருப்பவள். “நீங்க சொல்லலைன்னா நான் சொல்லிடுவேன்” என்றாள். சொன்னோம். ஒப்பந்தம் எழுதி, 2022 ஏப்ரலில் முறையாகப் பதிவு செய்து முடித்தோம். வட்டியே ஐம்பதாயிரத்துக்கு மேல். என் காரை விற்றது உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கும். பார்க்கிங் இடத்தை வாடகைக்குக் கேட்டீர்கள்.

அவர் இப்போதும் என்னிடம்தான் வேலை செய்கிறார். ஏணி ஏறுவதில்லை, அறிக்கை எழுதுகிறார். நன்றாகவே எழுதுகிறார்.

இத்தனையும் ஒரு பாலிசியில் அடங்கியிருக்கும். அது என்னை இன்னும் உறுத்துகிறது. இந்தச் சட்டம் நம்மை இன்ஷூரன்ஸ் எடு என்று கட்டாயப்படுத்துவதில்லை. இழப்பீடு கொடு என்கிறது, பணம் எங்கிருந்து வருகிறது என்று கேட்பதில்லை. அதனால்தான் சின்னக் கம்பெனிகள் யாரும் எடுப்பதில்லை. இப்போது என் ஆறு பேருக்கும் நான் கட்டும் வருஷ பிரீமியம், என் ஆபீஸின் இரண்டு மாதக் கரண்ட் பில் அளவுதான்.

ஆனால் எடுக்கும்போது கொஞ்சம் கண் வைத்து எடுங்கள். ஏஜெண்ட் முதலில் ‘எல்லாரும் ஆபீஸ் ஸ்டாஃப்தானே சார்’ என்பார், பிரீமியம் குறையும் என்று நாமும் தலையாட்டுவோம். மேஜை வேலை செய்பவரை மேஜை வேலை என்றும், சைட்டுக்குப் போகிறவரை சைட்டுக்குப் போகிறவர் என்றும் போடுங்கள். வாரத்தில் ஒரு நாள் போனாலும் போகிறவர்தான். வேலை செய்யும் இடம் என்ற கட்டத்தில் ஆபீஸ் விலாசத்தை மட்டும் எழுதினால், விழுந்தது வேறு இடம் என்று பின்னால் தகராறு வரும். வாடிக்கையாளர் இடங்கள் எல்லாம் சேரும்படி எழுதச் சொல்லுங்கள். சம்பளத்தைக் குறைத்துக் காட்டாதீர்கள். பிரீமியம் சம்பளக் கணக்கின் மேல்தான் போடுகிறார்கள், வருஷக் கடைசியில் உண்மையான சம்பளத்தோடு ஒப்பிட்டுச் சரி செய்வார்கள். க்ளைம் வந்தால் முதலில் கேட்பதே சம்பளப் பதிவேடுதான்.

மருத்துவச் செலவு பெரும்பாலும் அடிப்படை பாலிசியில் இருக்காது, தனியாகக் கேட்டுச் சேர்க்க வேண்டும். ஒப்பந்தக்காரர் மூலம் வரும் ஆட்களும் அப்படித்தான். வட்டி, அபராதம் இரண்டையும் கம்பெனிகள் பொதுவாக ஏற்பதில்லை. வட்டியை விலக்கி ஒப்பந்தம் போட இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு உரிமை உண்டு என்று 2006இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. ஆகவே பாலிசி இருக்கிறது என்று தூங்கிவிடாமல், விபத்து நடந்த உடனே எழுத்தில் தகவல் கொடுத்துவிட வேண்டும்.

ஆடிட்டர் சார் கூட்டத்துக்கு முன்னால் ஒரு நல்ல கேள்வி கேட்டார். சட்டத்தின் இரண்டாவது அட்டவணையில் எந்தெந்த வேலை செய்பவர் இதில் வருவார் என்று நீண்ட பட்டியல் இருக்கிறது. கட்டட வேலை, லிஃப்ட் பராமரிப்பு, கட்டடங்களில் மின்சார ரிப்பேர், டிரைவர், இப்படி. என் ஊழியர் மாடிக் கட்டடப் பராமரிப்பு தொடர்பான வேலை என்று வந்துவிட்டார். கம்ப்யூட்டர் முன்னால் மட்டும் உட்கார்ந்திருப்பவர் வருவாரா? வாதாட இடம் உண்டு. ஆனால் பட்டியலில் வராவிட்டாலும், நம் அஜாக்கிரதையால் அடிபட்டால் பொதுச் சட்டப்படி நஷ்ட ஈடு கேட்கலாம், இறந்தால் 1855ஆம் வருஷத்து மரண விபத்துச் சட்டப்படி குடும்பம் கேட்கலாம். அங்கே 15,000 என்ற வரம்பெல்லாம் கிடையாது. இன்ஷூரன்ஸில் இதற்கு இரண்டு வகை வைத்திருக்கிறார்கள். ‘டேபிள் ஏ’ என்பது இந்தச் சட்டம், மற்ற இரண்டு, எல்லாவற்றுக்கும். ‘டேபிள் பி’ என்பது இந்தச் சட்டத்தில் வராத ஊழியர்களுக்கு. யாருக்கு எது என்று கேட்டு எடுங்கள்.

இன்னொரு பழக்கத்தையும் சொல்ல வேண்டும். ஊழியரை ‘கன்சல்டன்ட்’ என்று காகிதத்தில் எழுதி, பத்து சதவீதம் டிடிஎஸ் பிடித்துவிட்டால் நமக்கும் அவருக்கும் முதலாளி ஊழியர் உறவு இல்லை என்று நினைக்கிறோம். காலை ஒன்பதரைக்கு வா, இங்கே போ, லீவு வேண்டுமானால் என்னைக் கேள் என்று சொல்கிற இடத்தில், காகிதத்தில் என்ன பெயர் எழுதினாலும் நீதிமன்றம் உண்மையான நடைமுறையைத்தான் பார்க்கும்.

பெரிய கம்பெனிகளுக்கு இந்தத் தலைவலி குறைவு. பத்துப் பேரோ அதற்கு மேலோ இருந்து, சம்பளம் 21,000 வரை என்றால் இஎஸ்ஐ வந்துவிடும். முதலாளி 3.25 சதவீதம், ஊழியர் 0.75 சதவீதம் கட்டினால், விபத்து, வைத்தியம், குடும்பத்துக்கு மாதாமாதம் உதவித்தொகை எல்லாம் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். அப்படி இஎஸ்ஐயில் இருப்பவர் நம்மிடம் தனியாக இந்த இழப்பீடு கேட்க முடியாது. நடுவில் மாட்டிக்கொள்வது நம்மைப் போன்ற ஆறு பேர் கம்பெனிகளும், 21,000க்கு மேல் வாங்கும் ஊழியர்களும்தான். 2020இல் பாராளுமன்றம் புதிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பை நிறைவேற்றியிருக்கிறது. அதன்படி வீட்டிலிருந்து வேலைக்கு வரும் வழியில் நடக்கும் விபத்தும் இதில் சேரும். 2024 ஆகஸ்டில் இந்த உரையின்போது அது அமலுக்கு வரவில்லை, அப்போது பழைய சட்டம்தான் இருந்தது.

இனி நம் சங்கத்துக்கு வருகிறேன், செயலாளர் மேடம் கோபித்துக்கொள்ளக் கூடாது. போன வருஷம் சி பிளாக் பெயின்டிங் நடந்தபோது ஒரு பையன் கயிற்றில் தொங்கிக்கொண்டு என் பால்கனிக்கு நேராக வந்தான். இன்ஷூரன்ஸ் இருக்கிறதா தம்பி என்று கேட்டேன். “மேஸ்திரிக்குத் தெரியும் சார்” என்றான். மேஸ்திரியைக் கேட்டேன், “அசோசியேஷன்ல பார்த்துப்பாங்க சார்” என்றார். அசோசியேஷனில் அப்போது பொருளாளர் நான்தான்.

தன் தொழிலின் ஒரு பகுதியை ஒப்பந்தக்காரரிடம் கொடுத்து நடத்துபவர், அந்த ஒப்பந்தக்காரரின் ஆளுக்கும் இழப்பீடு தர வேண்டும் என்று 12ஆவது பிரிவு சொல்கிறது. பிறகு ஒப்பந்தக்காரரிடம் வசூலித்துக்கொள்ளலாம். குடியிருப்போர் சங்கம் நடத்துவது தொழிலா என்று வக்கீல்கள் வாதாடலாம். ஒரு பையன் விழுந்து, அவன் குடும்பம் எதிரில் நிற்கும்போது அந்த வாதத்தை நாம் எடுக்க வேண்டுமா? செக்யூரிட்டி, ஹவுஸ்கீப்பிங் ஏஜென்சியிடம் மாதாமாதம் இஎஸ்ஐ கட்டிய ரசீதை, நம் ஆட்களின் பெயர்ப் பட்டியலோடு வாங்குவோம். பெயின்டர், வாட்டர் புரூஃபிங்காரர் வந்தால் சாரம் கட்டுவதற்கு முன்னால் பாலிசி நகலை வாங்குவோம். இல்லை என்றால், அந்த வேலைக்கு மட்டும் எடுத்துத் தரச் சொல்லி, பிரீமியத்தை நாமே பில்லில் சேர்த்துக் கொடுத்துவிடலாம்.

(உரைக்குப் பின் கேட்கப்பட்ட கேள்விகளில் சில.)

“என்னிடம் இரண்டு பேர்தான். எனக்குமா?” என்று டி பிளாக் மேடம் கேட்டார். ஊழியர் இழப்பீட்டுச் சட்டத்தில் ஆள் எண்ணிக்கைக்குக் குறைந்தபட்ச அளவு எதுவும் இல்லை. ஒருவர் இருந்தாலும் உண்டு.

“நான் எல்லோருக்கும் பர்சனல் ஆக்சிடென்ட் பாலிசி எடுத்திருக்கிறேனே, போதாதா?” நல்ல காரியம், நிறுத்திவிடாதீர்கள். ஆனால் அது ஊழியருக்கு நீங்கள் தரும் ஒரு சலுகை. உங்கள் சட்டப் பொறுப்பை அந்தக் கம்பெனி ஏற்றுக்கொள்வதில்லை. இரண்டும் வேறு வேறு.

“ஆபீஸ் பையன் செக் போட பைக்கில் போகும்போது லாரி இடித்தால்?” நீங்கள் அனுப்பிய வேலைக்காகப் போகிறார், ஆகவே வேலையின்போது நடந்ததுதான். அவர் மோட்டார் வாகனச் சட்டப்படி லாரிக்காரரிடமும் கேட்கலாம், இந்தச் சட்டப்படி உங்களிடமும் கேட்கலாம். இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும்.

“வீட்டு வேலைக்கு வரும் அம்மாவுக்கு?” அந்தப் பட்டியலில் வீட்டு வேலை என்று தனியாக இல்லை. ஆனால் பிரதமர் சுரக்ஷா பீமா திட்டம் இருக்கிறது. வருஷத்துக்கு 20 ரூபாய், 18லிருந்து 70 வயது வரை, வங்கிக் கணக்கு இருந்தால் போதும். விபத்தில் மரணம் அல்லது முழு ஊனம் என்றால் இரண்டு லட்சம், பகுதி ஊனத்துக்கு ஒரு லட்சம். வங்கிக்கு அவரைக் கூட்டிப் போய் நாமே சேர்த்துவிடலாம். மாநில அரசின் வீட்டுப் பணியாளர் நல வாரியத்திலும் பதிவு செய்யச் சொல்லுங்கள்.

கடைசியாக, “கார் டிரைவர் வைத்திருக்கிறோம், அவருக்கு?” டிரைவர் பட்டியலில் இருக்கிறார், சொந்தக் கார் ஓட்டினாலும் சரி. உங்கள் கார் பாலிசியை எடுத்து, சம்பள டிரைவருக்கான சட்டப் பொறுப்பு என்று ஒரு வரி இருக்கிறதா பாருங்கள். அதற்கு பிரீமியம் 50 ரூபாய். ஆன்லைனில் புதுப்பிக்கும்போது அந்தக் கட்டத்தில் டிக் போடாமல் விட்டிருப்போம். போனில் பாலிசி இருப்பவர்கள் இப்போதே திறந்து பாருங்கள், எழுத்து புரியாவிட்டால் இங்கே கொண்டுவாருங்கள், நான் இன்னும் கால் மணி நேரம் இருக்கிறேன்.